குடியாத்தம் வட்டார ஏரிகளும் ஈரநிலங்களும்

குடியாத்தம் வட்டார ஏரிகள் என்பவை வேலூர் மாவட்டத்தின் குடியாத்தம், பேரணாம்பட்டு பகுதிகளிலும் அவற்றை ஒட்டிய ஆம்பூர் பகுதியிலும் பாலாற்றையும் அதன் துணையாறுகளையும் சார்ந்து அமைந்துள்ள பாசன ஏரிகள் ஆகும். இவை இயற்கையாகத் தோன்றியவை அல்ல. சரிவான நிலத்தின் தாழ்ந்த பக்கத்தில் மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரையும் ஆற்றுநீரையும் தேக்குவதற்காக மனிதர்கள் அமைத்தவை. ஆயினும் பல நூற்றாண்டுப் பயன்பாட்டில் இவை பறவைகள், மீன்கள், நீர்த்தாவரங்கள் வாழும் ஈரநிலங்களாகவும் மாறியுள்ளன. இதே வட்டாரம் இந்தியாவின் முதன்மையான தோல் பதனிடும் பகுதிகளுள் ஒன்றாக இருப்பதால், இங்குள்ள நீர்நிலைகளின் வரலாறு தோல் தொழிலின் வரலாற்றோடு பிணைந்துள்ளது.

ஈரநிலம் என்றால் என்ன?

ஆண்டு முழுவதுமோ ஆண்டின் ஒரு பகுதியிலோ நீர் தேங்கி நிற்கும் நிலப்பரப்பு ஈரநிலம் எனப்படுகிறது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் கையெழுத்தான உடன்படிக்கை சதுப்பு நிலங்கள், ஏரிகள், ஆறுகள், கழிமுகங்கள் ஆகியவற்றை மட்டுமன்றி, மனிதர்கள் உண்டாக்கிய நீர்நிலைகளையும் ஈரநிலம் என்ற வரையறைக்குள் சேர்க்கிறது. இந்த வரையறையின்படி கோடையில் மாடு மேயும் வறண்ட ஏரியும் ஓர் ஈரநிலமே. நீர் வருவதும் வற்றுவதும் அதன் இயல்பான சுழற்சியாகும்.

தமிழ்நாட்டில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளதாக அரசுக் கணக்குகள் கூறுகின்றன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை பொதுவாக நீர்வளத் துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன.

நில அமைப்பும் நீர்வரத்தும்

பாலாறு கருநாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி, ஏறத்தாழ 348 கி.மீ. ஓடி, வயலூர் அருகே வங்காள விரிகுடாவில் கலக்கிறது. இதில் 93 கி.மீ. கருநாடகத்திலும் 33 கி.மீ. ஆந்திரத்திலும் 222 கி.மீ. தமிழ்நாட்டிலும் உள்ளது. வாணியம்பாடி, ஆம்பூர், பள்ளிகொண்டா, வேலூர், ராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் இதன் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளன.

குடியாத்தம் நகரம் பாலாற்றின் துணையாறான கவுண்டன்யா மகாநதியின் கரையில் உள்ளது. இவ்வாறு ஆந்திர மாநிலம் சித்தூர் மாவட்ட மலைக்காடுகளில் தோன்றித் தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. அதன் மேற்பகுதிக் காடுகள் 1990ஆம் ஆண்டு கவுண்டன்யா வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. நெடுங்காலம் யானைகள் இல்லாதிருந்த இக்காடுகளுக்கு 1980களில் தமிழ்நாட்டுப் பகுதியிலிருந்து யானைகள் வந்து சேர்ந்தன. கோடையில் யானைகள் காட்டோர நீர்நிலைகளையும் பயிர்களையும் தேடி இறங்குவது இன்றும் எல்லையோரக் கிராமங்களின் தொடர் சிக்கலாக உள்ளது.

இவ்வட்டாரத்துக்குத் தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டிலும் மழை கிடைக்கிறது. ஆனால் ஆண்டு மழையின் பெரும்பகுதி சில வாரங்களில் பெய்து முடிந்துவிடும். ஆறுகளில் நீர் ஓடும் நாட்கள் மிகக் குறைவு. அந்தச் சில நாட்களில் வரும் நீரைப் பிடித்து மற்ற மாதங்களுக்கு வைத்துக்கொள்வதே ஏரியின் அடிப்படை நோக்கமாகும்.

ஏரியின் உறுப்புகள்

ஓர் ஏரி என்பது தேங்கிய நீர் மட்டுமன்று. அது பல உறுப்புகள் சேர்ந்த ஓர் அமைப்பாகும்.

நீர்ப்பிடிப்புப் பகுதி: மழைநீர் வழிந்து ஏரியை நோக்கி வரும் மேட்டு நிலமும் மலைச்சரிவும் இவ்வாறு அழைக்கப்படுகின்றன.

வரத்துக்கால்வாய்: மேட்டு நிலத்திலிருந்தோ ஆற்றிலிருந்தோ ஏரிக்கு நீர் கொண்டுவரும் வழி. இது அடைபட்டால் எவ்வளவு மழை பெய்தாலும் ஏரி நிரம்பாது.

கரை: தாழ்ந்த பக்கத்தில் பிறை வடிவில் எழுப்பப்பட்ட மண் அணை. ஏரியின் ஆழமான பகுதி கரையை ஒட்டியே இருக்கும். கரையின் உட்பக்கம் அலை அரிக்காமலிருக்கக் கல் பதிக்கப்படுவது வழக்கம்.

மதகு: கரையின் அடியில் அமைந்த நீர் வெளியேறும் வழி. வயலுக்கு வேண்டிய அளவு மட்டும் நீரைத் திறந்துவிட இது பயன்படுகிறது.

கலங்கல்: ஏரி நிரம்பியபின் மிகைநீர் வழிந்தோடும் கற்கட்டு. பல பழைய கலங்கல்களின் மேல் வரிசையாகக் கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணையும் தழையையும் அடைத்து நீர்மட்டத்தைச் சிறிது உயர்த்திக்கொள்வர். வட மாவட்டங்களில் ஏரி நிரம்பி வழிவதை ‘ஏரி கோடி போகிறது’ என்பர்.

ஆயக்கட்டு: மதகு நீரால் பாசனம் பெறும் வயல்களின் மொத்தப் பரப்பு.

ஓர் ஏரியின் கலங்கலில் வழியும் நீர் வீணாவதில்லை. அது கீழுள்ள அடுத்த ஏரியின் வரத்துக்கால்வாயில் சேர்கிறது. அது நிரம்பியதும் அதற்கும் கீழுள்ள ஏரிக்குச் செல்கிறது. இவ்வாறு இணைக்கப்பட்ட ஏரிகள் சங்கிலித்தொடர் ஏரிகள் எனப்படுகின்றன. இந்தத் தொடரில் ஓர் ஏரி ஆக்கிரமிக்கப்பட்டாலோ ஒரு கால்வாய் தூர்ந்தாலோ, கீழுள்ள எல்லா ஊர்களும் பாதிக்கப்படும். மேல் ஏரியின் கரை உடைந்தால் அதன் வெள்ளம் கீழ் ஏரிகளின் கரைகளையும் அடுத்தடுத்து உடைக்கக்கூடும்.

ஏரியின் மற்றொரு பயன் கண்ணுக்குத் தெரியாதது. தேங்கிய நீரின் ஒரு பகுதி மண்ணுக்குள் இறங்கி நிலத்தடி நீராகிறது. ஏரி வற்றியபின் ஆயக்கட்டிலுள்ள கிணறுகளில் நீர் ஊறுவதற்கு இதுவே காரணம்.

பழைய ஏரிகளும் புதிய அணையும்

பாலாற்றுப் படுகையில் ஏரி அமைக்கும் மரபு பல்லவர் காலத்திலேயே வேரூன்றியிருந்தது. இன்றைய ராணிப்பேட்டை மாவட்டத்திலுள்ள மகேந்திரவாடியில் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த குடைவரைக் கோயில் உள்ளது. அங்குள்ள கல்வெட்டு அவ்வூர் ஏரியை மகேந்திர தடாகம் என்று குறிப்பிடுகிறது. காவேரிப்பாக்கம் ஏரி 9ஆம் நூற்றாண்டில் மூன்றாம் நந்திவர்மன் காலத்தில் அமைக்கப்பட்டதாகக் கருதப்படுகிறது. அதன் கொள்ளளவு 1,474 மில்லியன் கன அடி. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் வாலாஜா அருகே பாலாற்றின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கட்டு இந்த ஏரிகளுக்கு ஆற்றுநீரைத் திருப்பிவிடுகிறது.

குடியாத்தம் பகுதியில் கவுண்டன்யா மகாநதியின் குறுக்கே மோர்தானா கிராமத்தில் 2000களின் தொடக்கத்தில் மோர்தானா அணை பயன்பாட்டுக்கு வந்தது. இதன் உயரம் 11.5 மீட்டர். கொள்ளளவு ஏறத்தாழ 261 மில்லியன் கன அடி. அணையின் இடதுபுற, வலதுபுறக் கால்வாய்கள் வழியாகக் குடியாத்தம் நெல்லூர்பேட்டை ஏரி உட்படப் பல ஏரிகளுக்கு நீர் அனுப்பப்படுகிறது. இந்த அணை ஏரிகளுக்கு மாற்றாகக் கட்டப்படவில்லை, அவற்றுக்கு நீர் ஊட்டவே பயன்படுகிறது என்பது கவனிக்கத்தக்கது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காவேரிப்பாக்கம் ஏரி, இந்தப் புதிய அணையைப் போல ஏறத்தாழ ஐந்தரை மடங்கு நீரைக் கொள்ளும்.

ஊற்றுக்கால்வாய்கள்

பாலாற்றில் மேலே நீர் ஓடாத காலத்திலும் மணலுக்கு அடியில் நீர் மெல்ல நகர்ந்துகொண்டிருக்கும். இந்த அடிநீரைப் பயன்படுத்த ஆற்றுமணலில் நீளவாட்டில் வெட்டப்பட்டவை ஊற்றுக்கால்வாய்கள். ஆற்றின் சரிவைவிடக் குறைந்த சரிவில் கால்வாய் வெட்டினால், சிறிது தொலைவு சென்றதும் மணலில் ஊறிய நீர் தானாகவே நிலமட்டத்துக்கு வந்து வயலிலோ ஏரியிலோ சேரும். இதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை. மணல் இருந்தால் போதும்.

ஆற்று மணல் பெருமளவில் அள்ளப்பட்டபோது இந்த முறை சிதைந்தது. ஆற்றின் படுகை தாழ்ந்ததால், ஊற்றுக்கால்வாய்களின் தலைப்பகுதி நீர்மட்டத்துக்கு மேலே நின்றுவிட்டது. மின்மோட்டார்களின் வரவால் நிலத்தடி நீரும் கீழிறங்கியது.

மாநிலங்களுக்கு இடையிலான நீர்ப்பங்கீடும் இதில் ஒரு காரணியாகும். சென்னை மாகாணத்துக்கும் மைசூர் அரசுக்கும் இடையே 1892இல் ஏற்பட்ட ஒப்பந்தத்தில் பாலாறும் இடம்பெற்றது. ஆற்றின் மேற்பகுதியில் ஆந்திர அரசு தடுப்பணைகள் கட்டுவதும் அவற்றின் உயரத்தைக் கூட்டுவதும் தமிழ்நாட்டின் எதிர்ப்புக்கு உள்ளாகி உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளன. புல்லூர் தடுப்பணையின் உயரம் 2016இல் 5 அடியிலிருந்து 12 அடியாக உயர்த்தப்பட்டது இதற்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

தாவரங்களும் விலங்குகளும்

ஏரியின் ஒவ்வொரு பகுதியும் வெவ்வேறு உயிரினங்களுக்கு இடமளிக்கிறது. கரையோர ஆழநீரில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் மூழ்கி மீன் பிடிக்கின்றன. அல்லியும் தாமரையும் படர்ந்த இடங்களில் புள்ளிமூக்கு வாத்து காணப்படும். சம்பும் கோரையும் அடர்ந்த விளிம்பில் தாழைக்கோழியும் நீலத் தாழைக்கோழியும் கூடு கட்டுகின்றன. நீர் ஆழம் குறைந்த உள்வாய்ப் பகுதியில் மடையான், சிறு வெண்கொக்கு, நத்தைகுத்தி நாரை ஆகியவை இரை தேடுகின்றன. விரால், கெளுத்தி, கெண்டை போன்ற மீன்கள் ஏரிகளில் வாழ்கின்றன. மீன்பிடி உரிமை ஏலம் விடப்படுவதால் ஏரி ஊருக்கு வருவாயும் தருகிறது.

கோடையில் ஏரி வற்றும்போது உள்வாய் மேய்ச்சல் நிலமாகிறது. அடியில் படிந்த வண்டல் மண் வயலுக்கு உரமாகவும் மண்பாண்டத் தொழிலுக்கும் பயன்படுகிறது. வண்டலை அவ்வப்போது எடுப்பது ஏரியின் கொள்ளளவையும் காக்கும். சமூகக் காடுகள் திட்டத்தில் ஏரிகளுக்குள் நடப்பட்ட கருவேல மரங்கள் விறகுக்கும் பறவைகளுக்கும் உதவின. தானாகப் பரவிய சீமைக்கருவேலம் பல ஏரிகளின் நீர்ப்பரப்பையும் கால்வாய்களையும் அடைத்துவிட்டது. கழிவுநீர் சேரும் ஏரிகளில் ஆகாயத்தாமரை நீரை மூடிவிடுகிறது. சாக்கடையிலுள்ள சத்துப்பொருட்கள் அதன் வளர்ச்சியைத் தூண்டுவதே இதற்குக் காரணம்.

தோல் தொழிலும் நீர் மாசும்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் வளர்ந்ததற்குப் பாலாற்று நீரும் எளிதில் கிடைத்த ஆவாரம்பட்டையும் காரணங்களாகும். தொடக்கத்தில் மரப்பட்டைகளைக் கொண்டே தோல் பதனிடப்பட்டது. 1970களில் அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு நடுவண் அரசு கட்டுப்பாடு விதித்து, முழுமையான தோல் பொருட்களின் ஏற்றுமதியை ஊக்குவித்தது. இதையடுத்து விரைவாக முடியக்கூடிய குரோமியப் பதனிடல் பரவியது.

பதனிடலில் இரண்டு வகை மாசுகள் முதன்மையானவை. ஒன்று குரோமியம். மற்றொன்று சாதாரண உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அதன்மேல் உப்பு தடவப்படுகிறது. தொழிற்சாலையில் தோலை ஊறவைக்கும்போது அந்த உப்பு முழுவதும் நீரில் கரைந்து கழிவாக வெளியேறுகிறது. குரோமியத்தைச் சுண்ணாம்பு போன்றவற்றால் படியவைத்துப் பிரிக்கலாம். கரிமக் கழிவுகளை நுண்ணுயிர்களைக் கொண்டு சிதைக்கலாம். ஆனால் கரைந்த உப்பு இந்த முறைகளுக்குக் கட்டுப்படாது. அதைப் பிரிக்க எதிர் சவ்வூடு பரவல் முறையும், எஞ்சிய நீரை ஆவியாக்கும் கருவிகளும் வேண்டும். இவை மிகுந்த மின்செலவு பிடிப்பவை. அப்படிப் பிரித்த உப்பை எங்கே வைப்பது என்பது அடுத்த சிக்கல்.

ஏரி இந்த மாசுக்கு எளிதில் இலக்காவதற்கு அதன் அமைப்பே காரணம். மேட்டிலுள்ள எல்லா நீரையும் ஓரிடத்தில் சேர்க்கவே ஏரி கட்டப்பட்டது. கழிவுநீரும் அதே வழியில் வந்து சேர்கிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போது உப்பு ஏரியிலேயே தங்கிவிடும். எஞ்சிய நீருடன் ஒரு பகுதி உப்பு மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளையும் உப்பாக்கும். இவ்வாறு நன்னீரைச் சேமித்துக் கிணறுகளுக்கு ஊட்டிய அமைப்பே உப்பை ஊட்டும் அமைப்பாகவும் மாறுகிறது. பாதிக்கப்பட்ட வயல்களில் நெல் கருகியது, தென்னை காய்ப்புக் குறைந்தது, குடிநீர்க் கிணறுகள் கைவிடப்பட்டன.

இச்சிக்கலை வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்துக்குக் கொண்டு சென்றது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வழங்கப்பட்ட தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 எக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிரிடத் தகுதியற்றதாகிவிட்டது என்ற ஆய்வு முடிவு எடுத்துக்காட்டப்பட்டது. ‘மாசுபடுத்துபவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும்’ என்ற நெறியும், ‘தீங்கு உறுதியாகும் முன்னரே தடுக்க வேண்டும்’ என்ற முன்னெச்சரிக்கை நெறியும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று இத்தீர்ப்பு அறிவித்தது. இந்தியா முழுவதும் சுற்றுச்சூழல் வழக்குகளில் மேற்கோள் காட்டப்படும் தீர்ப்பு இது. இதன் விளைவாக இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது. தோல் தொழிற்சாலைகள் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களுடன் இணைந்தன.

ஆயினும் சிக்கல் முடிந்துவிடவில்லை. 2015 ஜனவரியில் ராணிப்பேட்டை தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தனர். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மீண்டும் ஒரு தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கிடைப்பதையும் ஆற்றைச் சீரமைப்பதையும் கண்காணிக்க ஒரு குழுவை அமைக்குமாறு உத்தரவிட்டது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள் கடந்திருந்தன. தோல் தொழில் இவ்வட்டாரத்தில் பெண்கள் உட்படப் பெருந்திரளானோருக்கு வேலை தருவதால், தொழிலை மூடுவது தீர்வாகாது. மாசின்றித் தொழிலை நடத்தும் செலவை யார் ஏற்பது என்பதே இங்குள்ள முதன்மைக் கேள்வியாகும்.

வெள்ளமும் ஆக்கிரமிப்பும்

1903 நவம்பர் 12 அன்று பாலாற்றின் மேற்பகுதியில் ஏரிகள் உடைந்து வந்த வெள்ளம் வாணியம்பாடியைப் பெரிதும் அழித்தது. அதன் நினைவுத்தூண் இன்றும் அந்நகரில் உள்ளது. 2021 நவம்பரில் மோர்தானா அணை நிரம்பி வழிந்தபோது கவுண்டன்யா மகாநதியில் வெள்ளம் பெருக்கெடுத்து, குடியாத்தத்தில் ஆற்றோரக் குடியிருப்புகளுக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டு ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு வீடுகள் பல அகற்றப்பட்டன. பல்லாண்டுகளாக நீர் வராத ஆற்றை நிலமென்று நம்பி வீடு கட்டியவர்களில் பெரும்பாலோர் ஏழைகள். வறண்ட ஆண்டுகளில் நீர்நிலையின் எல்லையை மறந்துவிடுவதே வெள்ள ஆண்டின் இழப்புக்குக் காரணமாகிறது.

சட்டப் பாதுகாப்பு

தமிழ்நாட்டில் ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 2017இல் குடிமராமத்துத் திட்டம் மீண்டும் தொடங்கப்பட்டது. அதே 2017இல் வெளியான நடுவண் அரசின் ஈரநிலப் பாதுகாப்பு விதிகள், பாசனத்துக்கென அமைக்கப்பட்ட நீர்நிலைகளை ஈரநிலம் என்ற வரையறையிலிருந்து விலக்குகின்றன. ராம்சர் உடன்படிக்கையின் பார்வையில் ஈரநிலமாக உள்ள ஏரி, இந்த விதிகளின்படி ஈரநிலம் அன்று.

ஆனால் ஏரிகள் பன்னாட்டு மதிப்புப் பெற முடியும் என்பதற்குச் சான்று உண்டு. வேடந்தாங்கலும் கரிக்கிலியும் பாசன ஏரிகளே. அவை 2022இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. தமிழ்நாட்டில் இப்போது 20 ராம்சர் இடங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றுகூட வேலூர் மாவட்டத்தில் இல்லை.

இங்கிலாந்தின் நார்போக் மாவட்டத்திலுள்ள பிராட்ஸ் ஏரிகள் இங்கு ஒப்பிடத்தக்கவை. இயற்கை ஏரிகள் என்று நெடுங்காலம் கருதப்பட்ட அவை, இடைக்காலத்தில் எரிபொருளுக்காகக் கரிமண் வெட்டிய பள்ளங்களில் நீர் புகுந்து உண்டானவை என்று 1950களில் நடந்த ஆய்வுகள் நிறுவின. மனிதர் வெட்டியவை என்று தெரிந்தபின்னும் அவற்றின் மதிப்புக் குறையவில்லை. 1988இல் தனிச்சட்டத்தின் மூலம் தேசியப் பூங்காவுக்கு நிகரான பாதுகாப்பு அவற்றுக்கு அளிக்கப்பட்டது. கழிவுநீரிலிருந்து வந்த பாஸ்பேட்டால் அங்கும் நீர்த்தாவரங்கள் அழிந்தன. கழிவுநீரைச் சுத்திகரித்தும் அடிச்சேற்றை அகற்றியும் சில ஏரிகள் மீட்கப்பட்டன.

ஏரியைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு

ஓர் ஏரியின் நிலையை அறிய அதன் உறுப்புகளை வரிசையாகப் பார்ப்பது எளிய வழி. அக்டோபர் முதல் பிப்ரவரி வரை இதற்கு ஏற்ற காலம்.

முதலில் கரையின் மேல் நடந்து, அரிப்பு, பிளவு, குப்பை ஆகியவை உள்ளனவா என்று பார்க்கலாம். அடுத்து மதகு இயங்குகிறதா என்றும், அதன் கீழுள்ள நிலத்தில் பயிர் உள்ளதா, வீட்டுமனைக் கற்கள் உள்ளனவா என்றும் கவனிக்கலாம். பின்னர் கலங்கலிலிருந்து நீர் செல்லும் வழி அடுத்த ஏரி வரை திறந்துள்ளதா என்று பார்க்கலாம். இறுதியில் வரத்துக்கால்வாய் வழியே மேல்நோக்கிச் சென்றால், ஏரிக்கு வருவது மழைநீரா சாக்கடையா என்பது தெரிந்துவிடும். நீரின் நிறம், நுரை, நாற்றம், கரையில் வெண்மையாகப் படிந்த உப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். அருகிலுள்ள கிணற்று நீரின் சுவை எப்போது மாறியது என்பதை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டறியலாம்.

தனியாக நீரில் இறங்கக் கூடாது. வண்டல் அள்ளிய பள்ளங்கள் நீருக்கடியில் மறைந்திருக்கும். கழிவுநீர் கலந்த ஏரியின் நீரைக் கையால் தொடுவதைத் தவிர்க்க வேண்டும். காட்டோர நீர்நிலைகளுக்கு மாலைக்குப் பின் செல்லக் கூடாது.

இத்தகைய பதிவுகளை ஒவ்வோர் ஆண்டும் ஒரே மாதத்தில் எடுத்துவைத்தால், ஏரி மேம்படுகிறதா சீர்கெடுகிறதா என்பதை ஒரு பள்ளி வகுப்பே காட்ட முடியும். ஏரியின் எல்லை, கொள்ளளவு, ஆயக்கட்டு ஆகிய விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகக் கேட்டுப் பெறலாம். அந்த எல்லையும் களத்தில் காணும் எல்லையும் ஒத்துவருகின்றனவா என்று ஒப்பிடுவதே ஏரிப் பாதுகாப்பின் முதல் படியாகும்.